ரிசல்ட்டுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே

பிளஸ் டூ தேர்வு முடிவு 2024-இல் மே 6-ஆம் தேதியும் 2025-இல் மே 8-ஆம் தேதியும் வெளியாயிற்று. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளுக்கான இணையவழி விண்ணப்பம் அதே வாரத்தில் திறந்து, மே மாதக் கடைசிக்குள் ஏறத்தாழ மூடிவிடுகிறது. பொறியியல் கலந்தாய்வுக்கான பதிவு ஜூன் முதல் வாரம் வரை இழுக்கும். உதவிபெறும் கல்லூரிகளும் தனியார் கல்லூரிகளும் தத்தமக்கென்று ஒரு கெடு வைத்துக்கொண்டு, சில இடங்களில் முடிவு வருவதற்கு முன்பே விண்ணப்பம் கொடுக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆக, பன்னிரண்டு ஆண்டு பள்ளிக்குப் போன ஒரு பிள்ளை மேற்கொண்டு படிக்குமா படிக்காதா என்பது நாலைந்து வாரத்துக்குள் தீர்ந்துபோகிறது. வீட்டில் ஒருவராவது கல்லூரி வாசலை மிதித்திருந்தால் இந்த நாலைந்து வாரம் தாராளம். இல்லாத வீட்டுக்கு அது போதவே போதாது. திருநெல்வேலிச் சீமையில் உயர்கல்விக்கு வெளியே நின்றுவிடும் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் நாம் இடங்களின் எண்ணிக்கையையும் மதிப்பெண்ணையும் பற்றியே பேசுகிறோம். ரிசல்ட்டுக்கும் முதல் வகுப்புக்கும் நடுவே உள்ள அந்தச் சிறிய இடைவெளியில்தான் மிகுதியான பிள்ளைகள் நழுவுகிறார்கள் என்பது பல மே மாதங்களை அவர்களோடு கழித்த என் உறுதியான எண்ணம்.

இந்தச் சீமைக்குக் கல்லூரிப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. திருநெல்வேலி இந்துக் கல்லூரி 1878-இலிருந்து இருக்கிறது. பெண்களுக்கென்று சாராள் தக்கர் கல்லூரி 1895-இலேயே பாளையங்கோட்டையில் தோன்றிவிட்டது. தூய சவேரியார் கல்லூரி 1923-இல் வந்தது. சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி 1971-இல். மருத்துவக் கல்லூரி 1965-இலும் அரசு பொறியியல் கல்லூரி 1981-இலும் அரசு சட்டக் கல்லூரி 1996-இலும் சேர்ந்துகொண்டன. இவற்றுக்கு நடுவே 1990-இல் அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் எழுந்தது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்று பாளையங்கோட்டையைச் சொல்லும் வழக்கம் சும்மா பிறக்கவில்லை. ஆனால் இந்தப் பட்டியலை வரைபடத்தில் குறித்துப் பார்த்தால் பெரும்பாலான புள்ளிகள் நெல்லை ஜங்ஷனிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரத்துக்குள் விழுந்துவிடும். பள்ளிக்கூடம் மட்டும் ஊருக்கு ஊர் போனது. 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் காலத்திலிருந்து மிஷன் பள்ளிகள் கிராமங்களில் முளைத்தன. காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் 1956-இல் அன்றைய நெல்லை மாவட்டத்து எட்டையபுரத்தில் தொடங்கியது. பள்ளி பிள்ளையைத் தேடிப் போயிற்று. கல்லூரியைப் பிள்ளைதான் தேடிப் போக வேண்டியிருந்தது. மானூரில் அரசு கலைக் கல்லூரி வந்தது 2022-இல்தான். கோவிந்தப்பேரி, பணகுடி, புளியங்குடி போன்ற இடங்களில் பல்கலைக்கழகம் நடத்திய உறுப்புக் கல்லூரிகள் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பியிருக்கின்றன என்பதை நன்றியோடு சொல்ல வேண்டும்.

மாநிலக் கணக்கு நம்பிக்கை தருவதுதான். 18 முதல் 23 வயது வரையுள்ளவர்களில் உயர்கல்வியில் சேர்ந்தோர் விகிதம், 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 47 விழுக்காடு. நாடு முழுவதற்கும் 28.4. அதே கணக்கெடுப்பு, நாடளவில் பட்டியல் சாதியினருக்கு 25.9 என்றும் பழங்குடியினருக்கு 21.2 என்றும் காட்டுகிறது. 47 என்ற எண்ணைக் கேட்டதும் பாதி வேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். சராசரி என்பது பாளையங்கோட்டைப் பேராசிரியர் வீட்டுப் பிள்ளையையும் காரையாறு அணைக்கு அக்கரையில் உள்ள காணிப் பழங்குடிப் பிள்ளையையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பது. நமக்கு வேண்டியது அந்த 53-இல் யார் யார் இருக்கிறார்கள், எந்த இடத்தில் நின்றுபோனார்கள் என்கிற விவரம்.

கடையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், இ-சேவை மையத்து வாசல் பெஞ்சில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெண் பிள்ளை கணக்குப் பிரிவில் 600-க்கு ஐந்நூற்றுச் சொச்சம் எடுத்திருந்தாள். தாயார் பீடி சுற்றுகிறவர். அன்றைக்குக் கொடுக்க வேண்டிய பீடிக் கட்டை முடித்துவிட்டு, சுற்றும் முறமான சொளகை அடுத்த வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். வருமானச் சான்றுக்கு விண்ணப்பம் போட வேண்டும். கணினியில் இருந்த பையன் பதிவைத் தொடங்கியதும் ஓ.டி.பி. கேட்டது. அந்தக் குடும்பத்தின் பதிவு தகப்பனார் கைபேசி எண்ணில் இருந்தது, தகப்பனார் திருப்பூரில். “அவிய கம்பெனிக்குள்ள இருக்காவ தம்பி, போன வாசல்லயே வாங்கி வச்சிருவானுவளாம், சாயங்காலந்தான் பேச முடியும்” என்றார் அந்த அம்மா. “சாயங்காலம் சர்வர் இருந்தாப் போட்டுருவோம், அத்தை” என்றான் பையன். அவன் மேல் குற்றமில்லை. அவனுக்குப் பின்னால் பதினைந்து பேர் நின்றார்கள். மறுநாள் ஓ.டி.பி. வந்தது. அதற்கு அடுத்த நாள், ஆதாரில் ‘மு’ என்றிருந்த தலைப்பெழுத்து மதிப்பெண் பட்டியலில் வேறாக இருப்பது தெரிய வந்தது. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், துணை வட்டாட்சியர் என்று கோப்பு மூன்று படி ஏற வேண்டும். மூவருக்கும் மே மாதம் முழுக்க இதே வேலைதான். அரசு வாங்கும் கட்டணம் அறுபது ரூபாய். அந்த அம்மாவுக்கு ஆன செலவு மூன்று நாள் பீடி.

ஒவ்வொரு சான்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. சாதிச் சான்று இல்லாமல் 69 விழுக்காடு இட ஒதுக்கீட்டின் பயன் கிடைக்காது. வருமானச் சான்று இல்லாமல் உதவித்தொகை இல்லை. வீட்டின் முதல் பட்டதாரி என்ற சான்று இருந்தால், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழியாகப் பொறியியல் சேரும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கல்விக் கட்டணம் குறைகிறது. ஆனால் இந்தக் கடைசிச் சான்றின் படிவத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர்கள் என்று எல்லாருடைய படிப்பையும் எழுத வேண்டும், யாரும் பட்டம் பெறவில்லை என்று உறுதிமொழி தர வேண்டும். யாருமே படிக்காத குடும்பத்தைப் பார்த்து, நீங்கள் யாரும் படிக்கவில்லை என்பதை எழுத்தில் நிரூபியுங்கள் என்று கேட்பதுதான் அது. எழுதத் தெரிந்த ஒரே ஆள் அந்தப் பதினேழு வயதுப் பிள்ளை. மாற்றுச் சான்றிதழ் வாங்கியதும் பள்ளியோடு உள்ள உறவும் அறுந்துபோகிறது. கல்லூரியோடு உறவு இன்னும் பிறக்கவில்லை. யாருடைய பொறுப்பிலும் இல்லாத காலம் அது.

சான்று தாமதமாகிற பிள்ளைகளுக்கு அப்பால், சான்றே கிடைக்காத பிள்ளைகள் இருக்கிறார்கள். புதிரை வண்ணார் என்ற சமூகத்தைப் பற்றி வெளி மாவட்டங்களில் பலருக்குத் தெரியாது. தலித் மக்களுக்குத் துணி வெளுத்தும் ஈமச் சடங்குகளில் ஊழியம் செய்தும் வாழ வைக்கப்பட்ட, அடுக்கின் அடியிலும் அடியில் தள்ளப்பட்ட மக்கள். அவர்கள் பட்டியல் சாதியினர். ஆனால் பெயரில் வண்ணார் என்று இருப்பதால், மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பில் வரும் வண்ணார் என்று சான்று எழுதிவிடுகிறார்கள் என்பது அவர்களுடைய நெடுநாள் முறையீடு. ஊருக்கு ஒன்றிரண்டு வீடு; கூடி நின்று கேட்க ஆள்பலம் கிடையாது. 2009-இல் அவர்களுக்கென்று நல வாரியம் அமைந்தது. வாரியம் இருந்தும், ஒரு பிள்ளையின் உரிமை கடைசியில் ஒரு அலுவலர் விசாரணைக்கு எந்தத் தெருவுக்குப் போகிறார், யாரிடம் கேட்கிறார் என்பதில் வந்து நிற்கிறது.

பாபநாசம் மலையின் காணிக்காரர்களுக்கு வேறு சிக்கல். பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர்தான் தர முடியும், விசாரணை அடர்த்தியானது. சேர்வலாறு, மயிலாறு, அகத்தியர் காணிக்குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து கீழே இறங்க களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்தின் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டும். இஞ்சிக்குழியிலிருந்து வர அணை நீரையும் கடக்க வேண்டும். நெல்லைப் பேட்டையில் உள்ள நரிக்குறவர் பிள்ளைகளோ 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தச் சட்டத்தால் பழங்குடியினர் பட்டியலுக்கு மாறியிருக்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் பழைய சான்றை வைத்திருக்கும் குடும்பம் புதிய சான்றுக்காகத் திரும்பவும் முதல் படியிலிருந்து ஏற வேண்டும். பழங்குடியினருக்கு உள்ள ஒரு விழுக்காட்டு இடம் அந்தத் தாளுக்காகக் காத்திருக்காது.

நெல்லைச் சீமைக்கே உரிய இன்னொரு கூட்டம் கிறித்தவத் தலித்துகள். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையும் அதன் பின்னாளைய திருத்தங்களும் இந்து, சீக்கிய, பௌத்த சமயத்தவரை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்கின்றன. இரண்டு நூற்றாண்டுக்கு முன் ஞானஸ்நானம் பெற்ற குடும்பத்துப் பிள்ளை, அதே தெருவில், அதே வேலை செய்யும் தகப்பனுக்குப் பிறந்தும், பிற்படுத்தப்பட்டோருக்கான 26.5 விழுக்காட்டில் நிலமும் கடையும் உள்ள சமூகங்களோடு போட்டியிட வேண்டும். தமிழ்நாடு அரசு கல்வி உதவித்தொகையில் மட்டும் அவர்களுக்கு ஆதிதிராவிடர்க்குரிய சலுகையைத் தருகிறது. படிக்கப் பணம் உண்டு, இடத்துக்கு ஒதுக்கீடு இல்லை. இந்த மாவட்டத்தில் கல்வியைத் தொடங்கி வைத்த சமயமே, அதைத் தழுவியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குக் கல்லூரி வாசலில் தடையாகிவிட்டதை நினைத்தால் மனம் கனக்கிறது.

இதே வரலாற்றிலிருந்துதான் அடுத்த சிக்கலும் வருகிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து பார்த்தால் இது கண்ணில் படாது. 2020-இல் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை அரசுப் பள்ளி மாணவர்க்கு உள் ஒதுக்கீடாகத் தமிழ்நாடு சட்டமாக்கியது. நீட் வந்த 2017-க்குப் பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவம் போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனதுதான் காரணம். 2021-இல் அது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது; அந்த வழியில் சேரும் பிள்ளையின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அண்மைக் காலத்தில் உயர்கல்விக்கென்று நடந்த மிகப் பெரிய நன்மை இது என்பேன். நிபந்தனை: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும்.

நெல்லைக் கிராமத்தில் ஏழைப் பிள்ளை எங்கே படிக்கிறது? பல ஊர்களில் ஆறாம் வகுப்புக்குப் பக்கத்தில் உள்ள ஒரே பள்ளி சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளியாக இருக்கும், கத்தோலிக்க மறைமாவட்டப் பள்ளியாக இருக்கும், அல்லது ஊர்ப் பொதுநிதியான மகமையில் எழுந்த சமுதாயப் பள்ளியாக இருக்கும். எல்லாம் அரசு உதவிபெறும் பள்ளிகள். ஆசிரியர்க்குச் சம்பளம் அரசு தருகிறது. சத்துணவு உண்டு, இலவசச் சைக்கிள் உண்டு. அங்கே படிக்கிற பிள்ளையும் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைதான், வாழைத்தார் சுமப்பவர் பிள்ளைதான். ஆனால் கலந்தாய்வில் அது அரசுப் பள்ளிப் பிள்ளை ஆகாது. எட்டாம் வகுப்புவரை உதவிபெறும் பள்ளியில் படித்துவிட்டு, ஒன்பதில் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மாறி, நல்ல மதிப்பெண் வாங்கி வந்து, 7.5-இல் எனக்கு இடம் உண்டுதானே சார் என்று கேட்ட பிள்ளையிடம் இல்லை என்று சொல்ல வேண்டி வந்தது. எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று பதினோரு வயதில் அந்தப் பிள்ளை முடிவெடுக்கவில்லை. ஊரில் இருந்ததே அந்த ஒரு பள்ளிதான்.

இதே வேறுபாடு மாத உதவித்தொகையிலும் இருந்தது, பிறகு திருத்தப்பட்டது. 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப்பெண் திட்டம், உயர்கல்வியில் சேரும் அரசுப் பள்ளி மாணவியர்க்கு மாதம் ஆயிரம் ரூபாயை நேராக வங்கிக் கணக்கில் போடுகிறது. முதலில் உதவிபெறும் பள்ளி மாணவியர் அதில் இல்லை. 2024-25 கல்வியாண்டிலிருந்து அப்பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். 2024 ஆகஸ்டில் மாணவர்களுக்காகத் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் ஆரம்பத்திலேயே இரு வகைப் பள்ளிகளையும் ஏற்றுக்கொண்டது. மாத உதவித்தொகையில் செய்ய முடிந்த திருத்தத்தை 7.5 விழுக்காட்டிலும் செய்ய வேண்டும். அல்லது, உதவிபெறும் பள்ளி மட்டுமே உள்ள ஊர்களின் பிள்ளைகளுக்காவது தனி விதி வேண்டும். ஒதுக்கீட்டைப் பரப்பினால் அரசுப் பள்ளிப் பிள்ளையின் பங்கு குறையுமே என்ற கவலை நியாயமானது. பங்கை 7.5-க்கு மேல் உயர்த்தித்தான் அதைச் சரிக்கட்ட முடியும்.

பணத்தைப் பொறுத்தவரை, எவ்வளவு என்பதைவிட எப்போது என்பது பெரிய கேள்வி. அரசு கலைக் கல்லூரியின் விண்ணப்பக் கட்டணம் ஐம்பது ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்க்கு இரண்டு ரூபாய். அங்கே இடம் கிடைத்துவிட்டால் பாரம் குறைவு. கிடைக்காவிட்டால் அடுத்து உதவிபெறும் கல்லூரி. அங்கே ஒரே கட்டடத்துக்குள் இரண்டு கல்லூரி இருக்கிறது என்பது வெளியூர் பெற்றோர்க்குத் தெரியாது: அரசு சம்பளம் தரும் ஆசிரியர்கள் நடத்தும் உதவிபெறும் பிரிவு ஒன்று, கட்டணத்தில் ஓடும் சுயநிதிப் பிரிவு மற்றொன்று. பி.காம். என்று பெயர் ஒன்றுதான், பணம் வேறு. பாளையங்கோட்டையின் பெயர்பெற்ற கல்லூரிகளில் பல சிறுபான்மையினர் நிறுவனங்கள். அரசியல் சட்டத்தின் 15(5) பிரிவு அவற்றை இட ஒதுக்கீட்டுக் கட்டாயத்திலிருந்து விலக்கி வைக்கிறது. அவற்றில் பல, கட்டாயம் இல்லாமலேயே ஏழைப் பிள்ளைகளை மனமுவந்து சேர்த்து வந்திருக்கின்றன. ஆயினும் மனமுவந்து தருவதைப் பிள்ளை உரிமையாகக் கேட்க முடியாது.

உதவித்தொகை எப்போதும் பின்னால் வருகிறது. கல்லூரி கட்டணத்தை ஜூனில் கேட்கும். பட்டியல் சாதி மாணவர்க்கான மேற்படிப்பு உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு இரண்டரை லட்சம் ரூபாய். ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு இப்போது கல்லூரிக்குப் போகாமல் மாணவரின் ஆதார் இணைத்த வங்கிக் கணக்குக்கு வருகிறது, மாணவர் அதைக் கல்லூரியில் கட்ட வேண்டும். நடுவில் யாரும் பணத்தைத் தின்றுவிடக் கூடாது என்ற நோக்கம் நல்லது. ஆனால் ஒரு பிள்ளைக்கு இரண்டு கணக்கு இருந்தால் ஆதார் எதில் கடைசியாக இணைந்ததோ அதில்தான் பணம் விழும். பழைய கணக்கின் கடனோ, குறைந்தபட்ச இருப்பு அபராதமோ அதில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொள்ளும். பணம் வந்தது தெரியாமல், வரவில்லை என்று கல்லூரி அலுவலகத்தில் தலைகுனிந்து நின்ற பிள்ளைகளை அறிவேன். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு ஒன்றிய தொழிலாளர் துறை தரும் உதவித்தொகை தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை போகிறது. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் வட்டாரங்களில் இது எத்தனையோ பட்டங்களுக்கு அடித்தளம். ஆனால் அதற்குத் தாயார் பெயரில் தொழிலாளர் அடையாள அட்டை வேண்டும். மாமியார் அட்டையில் மருமகள் சுற்றுவது, ஒரு அட்டையில் இரண்டு பேர் சுற்றுவது பீடிக்கடைக்கும் ஊருக்கும் தெரிந்த வழக்கம். இருபது ஆண்டு சுற்றியும், தாள் கணக்கில் அந்தத் தாய் தொழிலாளியே அல்ல.

ஆக, மே மாதத்தில் ஒரு குடும்பத்துக்கு வேண்டியது ஐயாயிரமோ பத்தாயிரமோ, கையில், ஒரு வாரத்துக்குள். அது இல்லாதபோது வட்டிக்கு வாங்குகிறார்கள். இல்லையென்றால் அதே மாதத்தில் வாசலில் வந்து நிற்கும் இன்னொருவருக்குச் சரி என்கிறார்கள். நூற்பாலைகளுக்கு ஆள் சேர்க்கும் தரகர்கள் கிராமத்துக்கு வருவதும் ரிசல்ட் வரும் நேரத்தில்தான். கோவை, திருப்பூர், திண்டுக்கல் ஆலைகளில் பெண் பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்து, சில ஆண்டு முடிந்ததும் கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை தருவதாகச் சொல்லி அழைத்துப்போன சுமங்கலித் திட்டம் இந்தத் தெற்கத்திக் கிராமங்களில் எத்தனை படிப்பைக் குடித்தது என்று அந்த ஊர்களின் ஆசிரியைகளைக் கேட்டால் சொல்வார்கள். ஆண் பிள்ளைகளுக்குச் சென்னையின் பலசரக்குக் கடையும் மும்பையும் இருக்கின்றன. தரகர் முன்பணத்தோடு வருகிறார். அரசு உதவித்தொகை அடுத்த ஆண்டு வருகிறது.

பஸ்ஸைப் பற்றிப் பேசாமல் பெண்கல்வியைப் பற்றிப் பேச முடியாது. 2021-இலிருந்து நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதால், சீதபற்பநல்லூரிலிருந்தும் முன்னீர்பள்ளத்திலிருந்தும் தினமும் போய்வந்து படிக்கும் பிள்ளைகளை இப்போது மிகுதியாகப் பார்க்கிறோம். ஆனால் சாயங்காலம் கடைசி வகுப்பு முடிந்து, ஜங்ஷனில் ஒரு பஸ் மாறி, ஊருக்குப் போகும் அடுத்த வண்டி ஏழரைக்கு என்றால், அந்த ஊர்ப் பெண்ணுக்குக் கல்லூரி இல்லை என்றே பொருள். கல்லூரி எது, பாடம் எது என்பதைப் பிள்ளையின் விருப்பம் தீர்மானிப்பதில்லை, பஸ் நேரம் தீர்மானிக்கிறது. இங்கே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பஸ் எந்தெந்த ஊர் வழியாகப் போகிறது என்பதும் நெல்லையில் ஒரு கணக்கு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் தந்த அறிக்கை, மாணவர் கையில் கட்டும் சாதி அடையாளக் கயிறுகள் முதல் பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிவரை பலவற்றைத் தொட்டது. அந்த அச்சத்தோடு பள்ளியை முடித்த பிள்ளை, கல்லூரிக்கு எந்த வழியாகப் போவேன், யாரோடு விடுதியில் தங்குவேன் என்றுதான் முதலில் பார்க்கும். மதிப்பெண்ணுக்கு ஏற்ற கல்லூரியை விட்டுவிட்டு, பாதுகாப்பான வழியில் உள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்.

அதனால்தான் விடுதி மிக முக்கியம். ஆதிதிராவிடர் நலத்துறைக் கல்லூரி விடுதிகளில் உணவுப்படி மாதம் 1,100 ரூபாயிலிருந்து 2023-இல் 1,500 ஆயிற்று. 2025-இல் அரசு விடுதிகள் எல்லாம் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் பெற்றன. பெயரை வரவேற்கிறேன். 1,500 ரூபாயை முப்பது நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு ஐம்பது, மூன்று வேளைக்கு. விடுதி அனுமதி கல்லூரிச் சேர்க்கை முடிந்த பிறகே நடப்பதால், முதல் சில வாரம் தங்க இடமில்லாமல் தூரத்து உறவினர் வீட்டில் ஒண்டிக்கொள்ளும் பிள்ளைகளும் உண்டு. அந்தச் சில வாரத்தில் திரும்பிப்போனவர்கள் எந்தப் புள்ளிவிவரத்திலும் சரியாகப் பதிவாவதில்லை.

சேர்ந்த பிறகு வரும் முதல் பருவம் அடுத்த கண்டம். பன்னிரண்டு ஆண்டு தமிழில் கணக்குப் போட்ட பிள்ளை திடீரென்று ஆங்கிலத்தில் நுண்கணிதம் கேட்கிறது. புரியவில்லை என்று கையைத் தூக்க வெட்கம். உள்மதிப்பீட்டில் குறைகிறது, நவம்பரில் இரண்டு அரியர். வீட்டில் அரியர் என்றால் என்ன என்று தெரியாது. ஃபெயில் என்று மட்டும் தெரியும். தமிழ்வழிப் பிரிவுகளைக் கல்லூரிகள் மூடாமல் காப்பதும், முதல் பருவத்தில் ஒரு மாதம் இணைப்புப் பாடம் நடத்துவதும், கலைச்சொல் ஒவ்வொன்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் கரும்பலகையில் சேர்த்து எழுதுவதும் பெரிய செலவில்லாத காரியங்கள். இப்படிச் செய்த ஆசிரியர்களின் வகுப்பில் பிள்ளைகள் நின்றதை நான் கண்டிருக்கிறேன். காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையற்ற பிள்ளைகளுக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பள்ளி எழுந்துவிட்டது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் உயர்கல்வியில் ஐந்து விழுக்காட்டு இடத்தையும் தருகிறது. ஆனால் கல்லூரி வகுப்பறையில் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாவிட்டால், சேர்ந்த பிள்ளை மூன்றாண்டும் ஆசிரியரின் உதட்டையும் பக்கத்துத் தோழியின் நோட்டையும் பார்த்தே கழிக்க வேண்டும்.

நான் முதல்வன் திட்டத்தின் கீழ், பிளஸ் டூ முடித்தும் எங்கும் சேராத பிள்ளைகளைத் தேடி அழைத்து, சான்று தரும் அலுவலரையும் கல்லூரிகளையும் வங்கியையும் ஒரே பந்தலில் உட்காரவைக்கும் ‘உயர்வுக்குப் படி’ முகாம்கள் நடக்கின்றன. நான் மேலே சொன்ன சிக்கலைச் சரியாகப் புரிந்துகொண்ட ஏற்பாடு அது. காலம்தான் பிந்திவிடுகிறது. அதே பந்தலைப் பொதுத்தேர்வுக்கு முன்பே, ஜனவரியில், மேல்நிலைப் பள்ளி வளாகத்திலேயே போட்டுவிட்டால், மே மாதத்துக்கு மிஞ்சுவது விண்ணப்பம் ஒன்றுதான். சாதிச் சான்றுக்கும் முதல் பட்டதாரிச் சான்றுக்கும் மதிப்பெண் தேவையில்லை. ரிசல்ட்டுக்காக அவை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை.

அம்பாசமுத்திரம் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் ஒரு தலைமையாசிரியை இதை யாரும் சொல்லாமலேயே செய்து வருகிறார். அவரிடம் ஒரு நீளமான கணக்கு நோட்டு இருக்கிறது. பிளஸ் டூ பிள்ளைகள் அத்தனை பேர் பெயரும் இடப்பக்கம். அதன் நேரே சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரி, வங்கிக் கணக்கு என்று கட்டங்கள். கடைசிக் கட்டம் சேர்ந்த கல்லூரி. பொங்கல் முடிந்ததும் கட்டங்களை நிரப்பத் தொடங்குகிறார். மாற்றுச் சான்றிதழ் கொடுத்த பிறகும் நோட்டை மூடுவதில்லை. ஒரு பாடத்தில் தவறிய பிள்ளைகள்தான் முதலில் கைவிடப்படுவார்கள் என்பதால், துணைத் தேர்வுக்குப் பணம் கட்டிய நாளையும் குறித்து வைக்கிறார். சென்ற ஆண்டு ஜூலையில் நான் போனபோது நோட்டில் கடைசிக் கட்டம் காலியாக இருந்த பெயர்கள் இரண்டு. ஒரு பையன் துணைத் தேர்வில் தேறி, பேட்டை ஐ.டி.ஐ.-க்கு விண்ணப்பித்திருந்தான்; அன்றைக்கே அந்தக் கட்டத்தில் பென்சிலால் எழுதினார். இன்னொரு பெண்ணின் எண் பத்து நாளாக அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டு எண் ஒன்றைத் தேடிப் பிடித்துப் பேசிவிட்டு, “மில்லுக்கு இன்னும் போகலையாம் சார், திங்கக்கெழம வண்டி வருதாம்” என்றார். அன்று வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் அவர் அந்த ஊருக்குப் புறப்பட்டார்.